அண்ணாச்சி ஊர்க் காற்று

கோப்பையின் கைப்பிடி இன்றைக்கும் இடப்பக்கம்தான் இருந்தது. ஜோயல் அதை என் மேசையில் வைத்துவிட்டு, விரலால் மெல்லத் தள்ளி அரைச் சுற்றுத் திருப்பினார். நான் இடக்கைக்காரி. மூன்று வருடமாகத் திருப்புகிறார், ஒரு நாளும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. நானும் நன்றி சொன்னதில்லை, சொன்னால் மனிதர் கூச்சப்பட்டு நாளையிலிருந்து காப்பியே கொண்டுவரமாட்டார். "டென்ஷனா மேடம்?" என்றார். "இல்லையே" என்றேன். "செமினார் பதினொண்ணுக்குத்தான். இன்னும் நாப்பது நிமிஷம் கெடக்கு. டைரக்டர் முன்வரிசையில இருப்பாராம். நீங்க காத்து மேற்கே போகுதுன்னு சொல்லி முடிச்சதும், என் எக்ஸ்டென்ஷன் ஃபைல்ல அங்கேயே கையெழுத்துப் போடுதேன்னு சொன்னாரு." சொல்லும்போது முகத்தில் சிரிப்பு வரக்கூடாது என்று அவர் பட்ட பாடு இருக்கிறதே, பார்க்கவே சந்தோஷமாகவும் பாவமாகவும் இருந்தது. போய்விட்டார். செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் போய், இரண்டு அறை தள்ளி நின்றது. கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. ஜோயல், மார்ச் மாதம் எனக்கு அனுப்பிய அந்த எண்களை நீங்கள் திருப்பிப் போட்டு அனுப்பினீர்களா, இல்லை அப்படியே அனுப்பினீர்களா? மூன்று நாளாக இந்தக் கேள்வியைக் கேட்காமல் வைத்திருக்கிறேன். கேட்பதற்குப் பதிலாக, காப்பி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

சன்னலுக்கு வெளியே பனிமூட்டம் யூகலிப்டஸ் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. இந்த மலை ஊரில் பனிமூட்டம் வருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பார்க்கப் பார்க்க அண்ணாச்சி நினைவுதான் வருகிறது. அண்ணாச்சி என்றால் எங்கள் கிரகம். அதற்கு வானியல் அட்டவணையில் ரயில் டிக்கெட் எண் மாதிரி நீளமாக ஒரு பெயர் உண்டு, அதை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா, அதனால் முதல் வாரமே நான் அண்ணாச்சி என்று வைத்துவிட்டேன். அவ்வளவு பெரிய உடம்பு, வியாழனை விட ஒன்றரை மடங்கு, ஆனால் கனம் கிடையாது, முழுக்கக் காற்று. ஒளி அங்கிருந்து புறப்பட்டால் இங்கே வந்து சேர நானூறு வருடம். தன் சூரியனை ஒட்டி உரசுகிற மாதிரி நின்று, முப்பத்தோரு மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும், அதுதான் அதற்கு ஒரு வருடம். எப்போதும் ஒரே முகத்தைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நிற்பதால் அந்தப் பக்கம் பொழுது விடியவும் வேண்டாம், அடையவும் வேண்டாம், நிரந்தர உச்சிவெயில். மறுபக்கம் நிரந்தர இருட்டு. வெயில் பக்கத்தில் இரும்பு ஆவியாகப் பறக்கிறது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு இருட்டுப் பக்கம் போகிறது, அங்கே குளிர்ந்து சொட்டுச் சொட்டாக இரும்பு மழை. மாணிக்கக் கல் எந்தச் சரக்கால் ஆனதோ அதே சரக்கால் அங்கே மேகம். மழை விழுந்து நனைய ஒரு தரை கிடையாது. விழும், விழும், உள்சூட்டில் மறுபடி ஆவியாகி மேலே வரும். என்ன ஒரு ஊர்! முதல் முறை கணக்குப் போட்டுப் பார்த்த அன்று நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன், பெரிய மனிதர் யாரோ அறைக்குள் வந்த மாதிரி. காற்றின் வேகம் ஒரு விநாடிக்கு ஐந்து கிலோமீட்டர். சென்னையில் கிளம்பினால் இரண்டு நிமிடத்தில் தூத்துக்குடி. எங்கள் அக்கா வீட்டுக்குப் போன் போட்டு, வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் வாசலில் நிற்கலாம்.

அதை நான் பார்த்ததே இல்லை. யாருமே பார்த்ததில்லை. பெரிய தொலைநோக்கிக்குக்கூட அது ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் ஏறி இறங்குகிற ஒரு துளி வித்தியாசம். அந்தத் துளியை அளந்து எண்களாக்குவது ஜோயலின் வேலை, அவர் வானத்துக்காரர். அந்த எண்களிலிருந்து காற்றையும் சூட்டையும் பிரித்துப் படமாக்குவது என் வேலை, நான் வானிலைக்காரி, பதினோரு வருடம் இந்தப் பூமியின் பருவமழையோடு மல்லுக்கட்டியவள். அவர் எனக்கு அனுப்பியது வெறும் எண்வரிசை. கடல்நீரைப் பார்த்தால் உப்பு தெரியுமா, அப்படித்தான் அதற்குள்ளே அந்தச் சூட்டுப் புள்ளி கரைந்து கிடந்தது, காய்ச்சி எடுக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. வெயில் நேராக விழுகிற இடத்தில்தான் சூடு அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், உலையில் அரிசி ஒரு பக்கமாக ஒதுங்குவதுபோல. இந்தச் சாதிக் கிரகங்களில் அனேகமாக எல்லாவற்றிலும் காற்று கிழக்கே போகிறது, சூடும் கிழக்கே ஒதுங்குகிறது. எங்கள் அண்ணாச்சி மட்டும் மேற்கே ஒதுக்கி வைத்திருந்தார். படம் திரையில் வந்த அன்று நான்தான் கத்தினேன். ஜோயல் ஓடிவந்து பார்த்துவிட்டு, தலைமேல் கையை வைத்துக்கொண்டு, "மேடம், இவரு ஊரு உலகத்துக்கு எதிராப் போறாரே" என்றார். அன்று இருவரும் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டோம். அந்த மேற்கை வைத்துத்தான் இன்றைய கருத்தரங்கு. அந்த மேற்கை வைத்துத்தான் இந்த மாதம் முப்பத்தோராம் தேதியோடு முடிகிற ஜோயலின் ஒப்பந்தத்துக்கு இன்னும் மூன்று வருடம். மணி பத்து இருபத்தெட்டு.

இப்போது அந்தப் பாழாய்ப்போன விஷயத்துக்கு வருகிறேன், வராமல் இருக்க முடியவில்லை, நாக்கு போய்ச் சொத்தைப் பல்லைத் தொடுகிற மாதிரி. பூமிப் படத்தில் கிழக்கு வலப்பக்கம், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வானப் படத்தில் கிழக்கு இடப்பக்கம். பூமியைக் குனிந்து பார்க்கிறோம், வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம், அவ்வளவுதான் காரணம். மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து, தலையை வடக்கே வைத்துக்கொண்டு, படத்தை முகத்துக்கு மேலே பிடித்தால் புரிந்துவிடும், கிழக்கு இடது கைப்பக்கம் இருக்கும். வானத்துக்காரர்கள் நூற்றுக்கணக்கான வருடங்களாக அப்படித்தான் வரைகிறார்கள், எழுதுகிறார்கள், எண்களையும் அந்த வரிசையில்தான் அடுக்குகிறார்கள். ஜோயலும் அப்படித்தான் அடுக்குவார் என்று எனக்குத் தெரியும். ஆகவே அவர் அனுப்பிய வரிசையை வாங்கியதும், அவரைத் தொந்தரவு செய்வானேன் என்று நானே தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன், கடைசி எண் முதலில், முதல் எண் கடைசியில். சரிதானே? சரிதான். மூன்று நாளைக்கு முன்பு வரை சரிதான். திங்கட்கிழமை காலையில் ஜோயல் காப்பி கொண்டுவந்து வைத்தார், கைப்பிடியைத் திருப்பினார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோப்பையைக்கூட எனக்கு வாகாகத் திருப்பி வைக்கிற மனிதர், சொல்லாமல் திருப்பி வைக்கிற மனிதர், அந்த எண்களைத் திருப்பாமலா அனுப்பியிருப்பார்?

திருப்பி அனுப்பியிருந்தால் நான் திருப்பியது இரண்டாவது தடவை. சட்டையை உள்வெளியாக்கி, மறுபடி உள்வெளியாக்கினால் பழைய சட்டைதான். என் படத்தில் மேற்கு என்று நான் எழுதி வைத்திருக்கும் பக்கம் கிழக்காகிவிடும், ஊர் உலகத்துக்கு எதிராகப் போன அண்ணாச்சி சத்தமில்லாமல் ஊரோடு ஒத்துப்போய்விடுவார். இதை நானே சரிபார்க்க வேண்டுமானால் தொலைநோக்கியின் மூலப் பதிவை எடுத்து முதலிலிருந்து வர வேண்டும், ஒரு வாரம் ஆகும். ஜோயலைக் கேட்டால் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தைத்தான் மூன்று நாளாகத் தாண்ட முடியாமல் நிற்கிறேன். திருப்பியிருக்க மாட்டார், அவருக்கு வேலை எவ்வளவு, அன்றைக்கு அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் வேறு. திருப்பியிருப்பார், காய்ச்சலோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டுகூடத் திருப்பியிருப்பார். திருப்பியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாரா? கைப்பிடியைப் பற்றி என்றைக்காவது சொன்னாரா? இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறேன், முப்பத்தோரு மணி நேரத்துக்கு ஒரு தரம் சுற்றுகிற அண்ணாச்சியே பரவாயில்லை. காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஜோயல் என் வீட்டுக்குச் சுத்தியல் கேட்டு வந்தார். குடியிருப்பில் எங்கள் வீடுகளுக்கு நடுவே ஒரு சரிவும் நாலு படியும்தான். இந்த மனிதர் இதற்கு முன்னால் இரண்டு ஊர்களில் இரண்டு ஒப்பந்தம், எங்கேயும் நிரந்தரமில்லை, ஆகவே எந்த வீட்டிலும் சுவரில் ஆணி அடிப்பதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருந்தார். அவர் வீட்டுக்குப் போனால் காலண்டர் தரையில் சுவரோடு சாய்ந்து நிற்கும், கல்யாணப் படம் அலமாரி மேல் படுத்திருக்கும், தேதி பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். "ஷீபா சொல்லுதா மேடம், இந்தத் தடவை ஆணி அடிச்சிரலாம்னு" என்று மனைவி சொன்னதைச் சொல்லிவிட்டு, சுத்தியலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்போது எனக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கவில்லை. நானும் சந்தோஷமாக, "நல்ல நீளமான ஆணியா அடிங்க" என்று ஒரு கிண்டல் வேறு பண்ணினேன். என் வாயைத்தான் தைக்க வேண்டும்.

சும்மா இருந்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? வேறு ஒரு குழு வேறு ஒரு தொலைநோக்கியால் அண்ணாச்சியைப் பார்த்து, காற்று கிழக்கே போகிறது என்று சொல்ல இரண்டு வருடமாவது ஆகும், அதற்குள் ஜோயல் வீட்டுச் சுவரில் ஆணிகள் துருப்பிடித்துவிடும். கிரகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான் பூமி வானிலையை விட்டு அங்கே ஓடிப்போனதே அதற்குத்தானே, அங்கே யாரும் துணி காயப்போடுவதில்லை, யாரும் என்னைப் பார்த்து இன்றைக்கு மழை வருமா என்று கேட்பதில்லை. பூமி வானிலையில் இருந்த பதினோரு வருடமும் ஆட்டோக்காரர் முதல் சம்பந்தி வீட்டார் வரை அதே கேள்விதான். பேச்சிமுத்து அத்தான் மட்டும் விளையாட்டுக்குக் கேட்கமாட்டார். என் அக்கா வீட்டுக்காரர், தூத்துக்குடியில் உப்பளம். ஒரு ஏப்ரல் மாதம், பாத்தியிலிருந்து வாரி அம்பாரமாகக் குவித்த உப்பு வெட்டவெளியில் கிடக்கிறது. "ஏ சந்தனம், தார்ப்பாய் போட்டு மூடணுமா, வேண்டாமா? நீ சொன்னாச் சரி" என்றார். நாலு நாளைக்கு மழை இல்லை அத்தான் என்றேன். அன்று சாயங்காலமே செயற்கைக்கோள் படத்தில் கடலில் கிழக்கே ஒரு மேகத் திரள், எனக்கு அது பிடிக்கவில்லை. போனைக் கையில் எடுத்தேன். சொன்ன வாயால் உடனே மாற்றிச் சொல்லி அவரை எதற்குக் குழப்ப வேண்டும், அது கலைந்துவிடும் என்று வைத்துவிட்டேன். மறுநாள் கொண்டல் வந்தது, கிழக்கிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற காற்று, இரண்டு மணி நேரம் கொட்டியது. நான் போய்ப் பார்த்தபோது மலையாக இருந்த அம்பாரம் முழங்கால் உயரத்துக்குச் சப்பையாகக் கிடந்தது. வெள்ளை ஓடையாக ஓடிப்போன தடம் தெரிந்தது. அத்தான் அதன் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். "விடும்மா. தண்ணியிலேர்ந்து வந்துச்சு, தண்ணிக்கே போயிருச்சு" என்றார். திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். மழைக் கணிப்பு தப்பாகப் போனதற்கு நான் அழவில்லை, அது எல்லோருக்கும் போகும். எடுத்த போனைக் கீழே வைத்தேனே, அதற்கு இன்னும் அழுகிறேன்.

மணி பத்து நாற்பத்தாறு. மூட்டம் முழுசாக மூடிவிட்டது, சன்னலில் மரம் இல்லை, வெள்ளைதான். அங்கே அந்த வெள்ளையெல்லாம் கிடையாது. வெயிலும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் நின்று பார்க்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன், நிற்க இடமில்லை என்பது தெரிந்தும். ஒரு பக்கம் கண்ணைப் பறிக்கிற வெண்சூடு, மறுபக்கம் உள்ளுக்குள் கங்கு கனிகிற மாதிரி மங்கிய சிவப்பு, நடுவே இரும்பையும் மாணிக்கத்தையும் சுமந்துகொண்டு ஒரு காற்றாறு, ஒரு கணமும் ஓயாமல், யாருக்காகவும் ஓடாமல். அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது, இத்தனை வயதிலும். நாற்பத்தேழு வயதுப் பெண்ணுக்கு ஒரு காற்றின் மேல் இவ்வளவு பிரியம் இருக்கலாமா என்று கேட்டால், இருக்கிறது, என்ன செய்ய. நான் மேற்கு என்று சொன்ன அன்றும் அது போகிற பக்கம்தான் போனது. நான் அம்புக்குறி வரைவதற்கு நானூறு வருடத்துக்கு முன்னாலேயே அந்தக் காற்று வீசி முடித்துவிட்டது. அவ்வளவு பெரிய ஒன்றைப் பற்றி, தெரிந்தே ஒரு பொய்யை, இந்த இரண்டடி மேசையில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிச் சொல்ல? எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, ஆனால் வெட்கம் ஒரு பிடி கூடுதல். கோப்பையை எடுத்து ஆறின காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன்.

ஜோயல் கண்ணாடியில்லாத தன் அறையில், அணைத்து வைத்த கணினித் திரையில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சீப்பைச் சட்டைப் பைக்குள் ஒளித்தார். "ஜோயல், மார்ச்ல எனக்கு அனுப்பின வரிசை... அதைத் திருப்பிப் போட்டா அனுப்பினீங்க?" கேட்டுவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "பின்னே? நீங்க பூமிப் படம் பாத்துப் பழகினவங்க. உங்களுக்குக் கிழக்கு வலப்பக்கம் இருந்தாத்தானே வசதி. திருப்பித்தான் அனுப்பினேன்" என்றார், இதெல்லாம் ஒரு விஷயமா என்கிற குரலில். "நானும் திருப்பினேன்." "என்னது?" "நீங்க வானத்துக்காரர், உங்க வழக்கப்படிதான் அனுப்புவீங்கன்னு, உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நானே திருப்பிக்கிட்டேன்." அவர் உட்கார்ந்தார். கையை மேசைமேல் வைத்து ஒரு தடவை புரட்டினார், மறுபடி புரட்டினார், கை பழையபடி இருந்தது. நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்த மனிதர் சிரித்தார், நான் எதிர்பார்க்கவே இல்லை. "ரெண்டு மரியாதையும் சேந்து காத்தையே திருப்பிப்போட்டுதே மேடம்!" என்றார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ கிழக்கேதான் போகுது." "கிழக்கேதான்." "வேகம்?" "அதே வேகம்தான், அதுல மாத்தமில்லை." "அதே வேகம்" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கணம் வந்தது மரியாதைதான், சத்தியமாகச் சொல்கிறேன், தன் வேலை போய்க்கொண்டிருக்கும்போதே அந்தக் காற்றை நினைத்து வந்த மரியாதை.

"நான் டைரக்டர்ட்டச் சொல்லுதேன், இது என் தப்பு, நான் கேட்டிருக்கணும், மூணு நாளா சந்தேகம் இருந்தும் கேட்கலை" என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன், குரல் உடைந்துவிட்டது. நான் முடித்த பிறகு, "தப்பு ரெண்டு பேருதும் மேடம். நானும் அனுப்பினதும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அதையும் சேத்துச் சொல்லுங்க" என்றார். எழுந்தார். வாசலுக்குப் போனவர் திரும்பி, "உங்க சுத்தியல் எங்கிட்ட இருக்கு. சாயங்காலம் கொண்டு தாறேன்" என்றார். ஆணி அடித்தாரா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. "அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன், கொஞ்சம் அதட்டலாகவே. அவர் எனக்கு முன்னால் கருத்தரங்கு அறைக்குப் போனார். எனக்குத் தாழ்வாரத்தில் கண்ணைத் துடைக்க இரண்டு நிமிடம் ஆனது.

நான் உள்ளே போனபோது பதினொன்று அடித்திருந்தது. முப்பது பேர் இருப்பார்கள். முன்வரிசையில் இயக்குநர், மடியில் நீல ஃபைல், அதன் மேல் மூடி கழற்றிய பேனா. திரையில் என் படம், மேற்கே போகிற பெரிய சிவப்பு அம்பு. மேற்கே போவது என்றால் கிழக்கிலிருந்து வருவது, எங்கள் ஊர்க் கணக்கில் அது கொண்டல். உண்மையில் அங்கே வீசுவது மேற்கிலிருந்து வருகிற கச்சான், ஆனி ஆடியில் உப்பளத்துக்கு மேல் காய்ந்துபோய் வீசி உப்பைப் பூக்க வைக்கிற அதே காற்று. பேச்சிமுத்து அத்தான் கேட்டால் சந்தோஷப்படுவார். ஜோயல் கடைசி வரிசையில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடைக்குப் போய் மேசை முன்னால் நின்றேன். எனக்கு முன்பே யாரோ அங்கே ஒரு கோப்பையில் குடிக்கத் தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. ஒரு வாய் குடித்துக் கோப்பையை வைத்துவிட்டு, "இந்த அம்பு தப்பு, காற்று கிழக்கே போகிறது" என்று ஆரம்பித்தேன்.